சிவஞானபோதம்: முதல் சூத்திரத்திலேயே நிற்கிறீர்களா?

வணக்கம் ஐயா. மயிலாடுதுறையில் மாபாடியம் என்ற விரிவான உரையை வைத்துக்கொண்டு, மெய்கண்டாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் படிக்கத் தொடங்கி, ஆறு மாதமாக முதல் சூத்திரமே தாண்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மாபாடியத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். அதை எழுதிய திருவாவடுதுறை சிவஞான முனிவரே சுருக்கமாகச் சிற்றுரையும் எழுதியிருக்கிறார், அதை எடுங்கள்.

முதல் சூத்திரத்தில் ‘அந்தம் ஆதி’ (முடிவே முதல்) என்ற இடத்தில் நானும் வெகுநாள் திணறினேன். உலகம் எதில் ஒடுங்குகிறதோ அதிலிருந்தே மறுபடி தோன்றும். ஆகவே ஒடுக்குகிறவனே முதல்வன். கும்பகோணத்தில் ஒரு தமிழாசிரியர் சூத்திரத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து, எழுவாய்க்கும் பயனிலைக்கும் பென்சிலால் கோடு போட்டுக் காட்டியபோதுதான் எனக்குப் பிடிபட்டது. நீங்களும் நோட்டில் அப்படியே பிரித்து எழுதிப் பாருங்கள். மொத்தமே 12 சூத்திரம்தான், அவசரம் வேண்டாம்.

அதற்கு முன் உண்மை விளக்கம் என்ற சிறு சித்தாந்த நூலைப் படித்துவிடுங்கள். மாணவன் கேட்க, ஆசிரியர் சொல்வார். உலகும் உடலும் எவற்றால் ஆனவை என்று சித்தாந்தம் சொல்லும் 36 தத்துவமும் அதிலேயே வந்துவிடும்.