வாசகர் கேள்வி: லீமாவின் வானம்

கேள்வி: ஐயா, கடந்த ஓகஸ்ட் மாதம் பெரு நாட்டின் தலைநகரான லீமாவுக்குச் சென்றுவந்ததாக எழுதியிருந்தீர்கள். அங்கே இறங்கியதும் தங்கள் மனதில் முதலில் பதிந்தது எது?
– வாசகி ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: வானந்தான், அம்மா. விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது, மார்கழியில் அடைமழைக்கு முன் நம் வாவிக்கு மேலே கவிந்து நிற்குமே, அதே சாம்பல் நிறம். குடையைக் கையில் எடுத்துக்கொண்டேன். தங்கியிருந்த ஏழு நாட்களிலும் அதை விரிக்கத் தேவை வரவில்லை. மூக்குக்கண்ணாடியில் படியும் அளவுக்கு மெல்லிய ஈரத்தூவல் மட்டுமே காலையில் இறங்கும். அந்த வானத்தை ஊரார் 'கழுதை வயிறு' என்கிறார்கள்.

தெற்கிலிருந்து கரையோரமாக வரும் ஹம்போல்ட் நீரோட்டம் கடலைக் குளிர்விக்க, கடலை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கீழேயே தங்கிவிடுகிறது. அதன் மேல் வெப்பக்காற்று மூடிபோல் அமர்ந்துகொள்வதால், முகில் உயர்ந்து மழையாகத் திரள வழியில்லை. ஆண்டு முழுவதும் விழுவதைச் சேர்த்தாலும் 2 சென்ரிமீற்றரைத் தொடுவது அரிது. நமது மாரியில் ஒரே இரவில் அதைவிடக் கூடுதலாகப் பெய்துவிடும்.

மிராஃபுளோரஸ் பகுதியில், மாடிக் கட்டடங்களுக்கு நடுவே, இன்கா மக்களுக்கும் முற்பட்டவர்கள் கட்டிய வாக்கா புக்யானா என்னும் மண்மேடை இருக்கிறது. சுடாத மண்கற்களை, அலுமாரியில் புத்தகங்களை நிறுத்துவதுபோல், இடைவெளி விட்டுச் செங்குத்தாக அடுக்கியிருக்கிறார்கள். நிலம் நடுங்கும்போது கற்கள் அசைந்துகொடுக்கவே அந்த இடைவெளி என்கிறார்கள். மாரி முடிய மண்சுவருக்கு மறுபடி மண் பூசி மெழுகும் படுவான்கரையில் பிறந்தவன் நான். கூரையே இல்லாத மண்சுவர் 1,300 ஆண்டுகளுக்கு மேல் நிற்பதைக் கண்டு வெகுநேரம் அவ்விடத்தை விட்டு நகராமல் நின்றேன்.

ஆனால் அதே மழையின்மை ஏழைகளை வாட்டுகிறது. ஏறத்தாழ ஒரு கோடி மக்களுக்கு, அந்தீஸ் மலையிலிருந்து இறங்கும் றீமாக் ஆறே முதன்மையான நீராதாரம். நகரின் விளிம்பிலுள்ள புழுதிக் குன்றுகளில் குழாய் எட்டாத வீடுகளின் வாசல்களில் பீப்பாய்கள் நிற்கின்றன. பவுசரில் வரும் தண்ணீருக்கு அவர்கள், குழாய்த் தண்ணீர் பெறும் வசதியானவர்களைவிடக் கூடிய விலை கொடுக்கிறார்கள். முற்றத்து மணலில் சில அடி தோண்டினாலே நீர் ஊறும் கரையிலிருந்து போன எனக்கு அந்த அநியாயம் நெஞ்சை அறுத்தது. சில குன்றுகளில், நம் மீனவர் வலை காயப்போடுவதுபோல் கம்பங்களுக்கிடையே வலை கட்டி, அதில் பனிமூட்டம் பட்டுச் சொட்டும் நீரைத் தொட்டியில் சேர்த்து, மரக்கறித் தோட்டத்துக்கு இறைக்கிறார்கள்.