சிவப்புக் காரைச் சாம்பல் நிறமாக்க: ராப்பா, பெயின்ட்டா?

கேள்வி: என்னிடம் 2013ஆம் ஆண்டு டொயோட்டா 86 இருக்கிறது. நிறம் சிவப்பு, அதை அடர் சாம்பலாக்க விருப்பம். கூரையிலும் டிக்கி மூடியிலும் மேல்பூச்சு வெளுத்துவிட்டது, ஓரிடத்தில் தோல்போல் உரிகிறது. மற்ற இடங்கள் நன்றாக உள்ளன. கார் முற்றத்து வெய்யிலில்தான் நிற்கும். கொழும்புக்குக் கொண்டுபோய் முழுக் காருக்கும் ராப் (பசையுள்ள நிறப் பிளாஸ்டிக் படலம்) ஒட்டுவதா, திருகோணமலையிலேயே பெயின்ட் அடிப்பதா?
(உப்புவெளி வாசகர்)

பதில்: உங்கள் கூரை இருக்கும் நிலையில் இன்றைக்கு ராப் ஒட்டக்கூடாது. உரியும் கிளியருக்கு (நிறத்தின் மேலுள்ள நிறமற்ற மேல்பூச்சு) மேல் ஒட்டினால் படலம் அந்தக் கிளியரைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். வெய்யிலில் கிளியர் எழும்பும்போது படலமும் சேர்ந்து குமிழ் விடும். கழற்றும் நாளில் கிளியரும் அதோடு வந்துவிடும். பழுதை மறைக்கத்தான் ராப் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நல்ல பெயின்ட் உள்ள காருக்கே ராப் பொருந்தும்.

மற்ற இடங்கள் "நன்றாக உள்ளன" என்பதையும் கண்ணை நம்பி முடிவு செய்யாதீர்கள். பெயின்ட் தடிப்பு அளக்கும் மீற்றர் உள்ள ஒருவரிடம் ஒவ்வொரு பகுதியையும் ஐந்தாறு இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். ஜப்பானிலிருந்து வந்த மூலப் பெயின்ட் பொதுவாக 90 முதல் 130 மைக்ரோன் வரை இருக்கும். 200ஐத் தாண்டினால் அந்தப் பகுதி ஒருமுறை அடிக்கப்பட்டிருக்கிறது. 1000ஐத் தாண்டினால் உள்ளே பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) உண்டு. இந்தக் காரின் பொனட் அலுமினியம் என்பதால், இரும்பை மட்டும் அளக்கும் மலிவு மீற்றர் அதில் எதையும் காட்டாது. இரண்டு உலோகத்தையும் அளப்பதாகப் பார்த்து எடுங்கள். மீண்டும் அடித்த பகுதி இருந்தால், மறைவான ஓரத்தில் நல்ல மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென இழுத்துப் பாருங்கள். டேப்பில் நிறம் வந்தால் படலத்திலும் வரும்.

சரி, அப்படியானால் முழுக் காரையும் சாம்பலாக அடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். அடிக்கலாம், ஆனால் நிறம் மாற்றுவது வெளியே பூசுவதோடு முடிகிற வேலை அல்ல. கதவைத் திறந்தால் தெரியும் சட்டம், டிக்கியின் உள்வாய், பொனட்டின் அடிப்பக்கம், எஞ்சின் அறை எல்லாம் சிவப்பாகவே இருக்கும். அவற்றையும் மாற்ற வேண்டுமென்றால் கதவு ரப்பர், வயர், பூட்டு எல்லாம் கழற்ற வேண்டும். எஞ்சின் அறையை ஒழுங்காக அடிக்க எஞ்சினையே இறக்க வேண்டும். அரைகுறையாக அடித்த காரை வாங்க வருபவர் கதவைத் திறந்ததும் "இது எங்கே அடிபட்டது?" என்றுதான் கேட்பார். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இலங்கையில் விலை கொடுப்பவர்கள் மூல நிறத்துக்கே கொடுக்கிறார்கள்.

ஆகவே நாங்கள் சொல்வது: கூரையையும் டிக்கி மூடியையும் அதே சிவப்பில் திருகோணமலையிலேயே அடியுங்கள். சாம்பல் ஆசை அதன் பிறகும் போகாவிட்டால் ராப் பற்றி யோசியுங்கள்.

பெயின்ட் கலக்கும் கடைக்குப் போகுமுன் ஒரு விஷயம். இந்தக் கார் டொயோட்டா பெயரில் விற்றாலும் ஜப்பானின் குன்மாவில் உள்ள சுபாரு தொழிற்சாலையில் கட்டப்பட்டது. நிற இலக்கமும் சுபாரு முறையிலானது. டொயோட்டா பட்டியலில் கிடைக்காவிட்டால் சுபாரு பட்டியலில் தேடச் சொல்லுங்கள். இத்தனை வருட வெய்யிலில் சிவப்பு மங்கியிருக்கும் என்பதால் இலக்கத்தை மட்டும் நம்பாமல், தகட்டில் அடித்துக் காயவிட்டு, வெளி வெளிச்சத்தில் காரோடு ஒப்பிட வேண்டும்.

கிளியர் உரியும் இடத்தை வெறுமனே மட்டமாக்கி மேலே அடித்தால் ஓரம் ஒரு வருடத்துக்குள் மீண்டும் எழும்பும். கூரை முழுவதிலும் பழைய கிளியரை எடுத்துவிட வேண்டும். விளிம்புகளை 240 இலக்க மணற்கடதாசியால் சரிவாக்கி, 2கே பிரைமர் (ஹார்ட்னர் எனும் இறுக்கி கலந்து அடிக்கும் அடிப்பூச்சு) அடித்து, 600 கடதாசியால் உரசி, பேஸ் கோட் எனும் நிறப்பூச்சும் இரண்டு கை கிளியரும் போட வேண்டும். சிவப்பு அடிநிறத்தை எளிதில் மூடாது. வெள்ளைத் திட்டு, கறுப்புத் திட்டு இல்லாமல் முழுவதும் ஒரே சாம்பல் பிரைமராக இருந்தால்தான் நிறம் சமமாக வரும். ஹார்ட்னரும் தின்னரும் வெப்பமான இடத்துக்கான மெதுவாகக் காயும் வகையாக இருக்கட்டும். வேகமாகக் காய்வதைப் போட்டால் மேல்தோல் முதலில் இறுகி, அடியிலுள்ள தின்னர் வெளியேற வழி தேடி ஊசித் துளைகளாக வெடிக்கும்.

காலமும் முக்கியம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது திறந்த கொட்டிலில் அடித்த கிளியரில் தூசு ஒட்டி, தொட்டுப் பார்த்தால் மணற்கடதாசி போலிருக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை மழையில் ஈரம் இன்னொரு தொல்லை. பெயின்ட் அடிக்க மூடிய அறை (பூத்) உள்ள கராஜ் என்றால் எப்போதும் சரி. இல்லையென்றால் மாசி, பங்குனியில், காற்று எழும்பாத காலை நேரத்தில் அடிக்கச் சொல்லுங்கள்.

அடித்த பகுதிக்கு மேல் ராப் ஒட்ட அவசரப்படாதீர்கள். சூடேற்றாமல் காயவிட்ட பெயின்ட்டுக்கு ஒரு மாதமாவது விடுங்கள். உள்ளே மிஞ்சியிருக்கும் கரைப்பான் ஆவியாக வெளியே வரும்போது படலத்தின் கீழ் குமிழாகத் தங்கிவிடும்.

முற்றத்து வெய்யிலில் நிற்கும் காரின் கூரை, பொனட், டிக்கி மூடி மூன்றிலும் நல்ல படலம்கூட இரண்டு, மூன்று வருடத்தில் கழற்ற வேண்டியதாகிவிடும் என்று கணக்கு வையுங்கள். பக்கங்கள் ஐந்து வருடம் வரை தாங்கும். காலம் கடந்து விட்டால் படலம் வறண்டு, கழற்றும்போது முட்டை ஓடுபோல் துண்டு துண்டாக உடையும். ஒட்டிய செலவில் பாதி கழற்றவே போய்விடும். முதலில் ஒரு தகரக் கொட்டில் போடுவது இரண்டு வேலைக்கும் நல்லது.

கேள்வி: ராப்புக்கு இரண்டு இடத்தில் விலை கேட்டேன். ஒன்று மற்றதில் பாதி. ஏன்?
(உவர்மலை வாசகர்)

பதில்: பெரும்பாலும் படலம்தான் வித்தியாசம். காஸ்ட் வகை திரவமாக ஊற்றிக் காயவைத்தது. வளைவில் இழுத்துச் சூடு காட்டினால் அப்படியே படியும். கலண்டர் வகை உருளைகளுக்கிடையே நசுக்கி நீட்டியது. வெய்யில் பட்டதும் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும், ஓரங்களில் அடிநிறம் கோடாகத் தெரியும், பசையும் பெயின்ட்டில் தங்கும். விலை எழுதித் தரும்போது படலத்தின் கம்பனி, வரிசை இலக்கம், காஸ்ட்டா இல்லையா என்பதை எழுதி வாங்குங்கள். ரோலைப் பிரிக்கும்போது பின்கடதாசியின் அச்சைப் பார்த்துப் படமெடுங்கள். ரோல் 1.52 மீற்றர் அகலம், முழு நீளம் சுமார் 22.8 மீற்றர். சிறிய இரண்டு கதவுக் காருக்கு 16 முதல் 18 மீற்றர் போகும். 12 மீற்றர் போதும் என்பவர் துண்டு துண்டாக இணைக்கப் போகிறார்.

அடுத்து, எவற்றைக் கழற்றுவார்கள் என்று கேளுங்கள். கதவுக் கைப்பிடி, விளக்குகள், பம்பர், சைட் மிரர் கழற்றாமல் ஒட்டுபவர் காரின் மேலேயே கத்தி வைத்து வெட்டுவார். கத்தி பெயின்ட்டைத் தாண்டி உலோகத்தைத் தொட்டால் கடற்காற்று உள்ள ஊரில் அந்தக் கோட்டிலிருந்தே துரு தொடங்கும். நூல் டேப் (கத்தி இல்லாமல் உள்ளிருக்கும் நூலை இழுத்துப் படலத்தை வெட்டும் டேப்) வைத்து வெட்டும் கை கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.

கேள்வி: கொழும்பில் ராப் ஒட்டி மூன்று வாரம். பம்பர் ஓரமும் சைட் மிரரும் எழும்புகின்றன. நானே பசை வைத்து ஒட்டலாமா?
(கிண்ணியா வாசகர்)

பதில்: சூப்பர் குளூ வைக்காதீர்கள், பெயின்ட் போய்விடும். பள்ளத்தில் இழுத்து ஒட்டிய படலத்தைக் கடைசியில் 90 முதல் 105 பாகை செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். அப்போதுதான் பழைய வடிவத்துக்குத் திரும்பும் குணம் போகும். அதை அவசரத்தில் விட்டிருப்பார்கள், அல்லது ஓரத்தில் மெழுகு இருந்திருக்கும். தூசு புகுமுன் செய்தால் காப்பாற்றலாம்: எழும்பிய ஓரத்தை மெதுவாகத் திறந்து, 70 வீத ஐசோபுரோபைல் அல்ககோலால் துடைத்து உலரவிட்டு, ஹீட் கன்னால் சூடாக்கி அழுத்தி, திரும்பவும் முழுச் சூடு காட்ட வேண்டும். தூசு புகுந்திருந்தால் அந்தத் துண்டை மாற்றுவதுதான் வழி. ஒட்டிய இடத்தார் செலவில்லாமல் செய்ய வேண்டிய வேலை இது, படமெடுத்து உடனே அனுப்புங்கள். கொழும்பில் ஒட்டப் போகும் மற்றவர்கள் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை திரும்பிக் காட்டும் பயணத்தையும் செலவில் சேருங்கள், போய்வர 500 கிலோமீற்றருக்கு மேல். காரைக் கழுவக் கொடுக்கும்போது பிரஷர் வோஷரை ஓரத்தை நோக்கிப் பிடிக்க வேண்டாமென்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள். ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும்.

கேள்வி: ராப் கழற்றக்கூடியதுதானே, நிறத்தைப் பதிய வேண்டுமா?
(நிலாவெளி வாசகர்)

பதில்: பதியுங்கள். வாகனப் பதிவுச் சான்றிதழில் நிறமும் எழுதப்பட்டிருக்கிறது. வீதியில் மறிக்கும் பொலிஸ் அதைத்தான் காரோடு ஒப்பிடும், உள்ளே பெயின்ட் என்ன நிறம் என்று பார்க்காது. மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். கார் லீசிங்கில் இருந்தால் சான்றிதழில் முழு உரிமையாளராக உள்ள நிதிக் கம்பனியின் சம்மதக் கடிதத்தை முதலில் எடுங்கள். காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்தில் அறிவித்து, ராப்பின் பெறுமதி சேர்க்கப்படுமா என்று கேளுங்கள். சேர்க்காவிட்டால், ஒரு கதவு அடிபட்டால் அவர்கள் தருவது பெயின்ட் காசு மட்டுமே.