வார்த்தையை மாற்றினால் போதாதா?

மஞ்சக்குப்பத்திலிருந்து லண்டனுக்கு வரலாறு படிக்க வந்திருக்கும் தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, கட்டுரையில் எல்லாவற்றையும் என் வார்த்தையில்தான் எழுதினேன். அப்படியும் சான்று காட்டவில்லை என்று திருப்பிவிட்டார்கள். எங்கே தப்பு?"

தம்பி, வார்த்தை உங்களுடையது, சரி. கருத்து யாருடையது? ஊரில் நோட்ஸில் உள்ளதை வரி பிசகாமல் எழுதினாலே மார்க் விழும். இங்கே ஒவ்வொரு வரியிலும் பேசுவது நீங்களா, நீங்கள் படித்தவரா என்று ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். அதனால் சொந்த நடையில் சுருக்கி எழுதினாலும் அடிக்குறிப்பு வேண்டும்.

எல்லா வரிக்கும் தேவையில்லை. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது, ஆங்கிலேயர் தலைமையிடத்தை நம் தேவனாம்பட்டினம் கோட்டைக்கு மாற்றினார்கள் என்பதெல்லாம் பொதுவாகத் தெரிந்த சேதி. சென்னை ஏன் விழுந்தது என்று ஓர் ஆய்வாளர் சொல்லும் காரணத்தை எடுத்துக்கொண்டால் பெயரும் பக்கமும் கட்டாயம்.

பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே காலத்துப் புதுச்சேரிதான் உங்கள் தலைப்பு என்கிறீர்கள். அப்படியானால் அவரிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இல்லாமல் முடியாது. நம் பிள்ளைகள் சறுக்குவதும் இங்கேதான். அவர் எழுதியது தமிழில். ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்தது. அந்த ஆங்கில வரியை மேற்கோள் குறிக்குள் போட்டால் தொகுதி எண், பக்கம், கூடவே நாட்குறிப்பின் தேதியையும் கொடுங்கள். தமிழ்ப் பதிப்பைப் படித்து நீங்களே ஆங்கிலத்தில் எழுதினால், மொழிபெயர்ப்பு என்னுடையது என்று அடிக்குறிப்பில் சொல்லுங்கள். வேறொருவர் புத்தகத்தில் மேற்கோளாகப் பார்த்த வரி என்றால், அந்தப் புத்தகத்தின் வழியாக எடுத்தது என்றே காட்டுங்கள். பிள்ளையை நேரில் படித்த மாதிரி காட்டக் கூடாது. உங்கள் வகுப்பில் எத்தனை பேரால் தமிழ் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்? அந்த உழைப்பு அடிக்குறிப்பில் தெரிந்தால்தான் உங்கள் கணக்கில் சேரும்.

அப்புறம், குறிப்பெடுக்கும்போதே பக்க எண்ணை எழுதிவிடுங்கள். அப்படியே நகலெடுத்த வரிக்கு அங்கேயே மேற்கோள் குறி போடுங்கள். ஒரு வாரம் போனால் எது நூலாசிரியர் வரி, எது உங்கள் வரி என்று உங்களுக்கே தெரியாது. நூல் விவரங்களைச் சேர்த்து வைத்து அடிக்குறிப்பு போட்டுத் தரும் ஸொடேரோ மென்பொருள் இலவசம், நல்ல உதவி. ஆனால் நம் பெயர்களை அதை நம்பி விட்டுவிடாதீர்கள். இனிஷியலைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும், பெயரைத் தலைகீழாகப் போடும். ஒவ்வொன்றையும் கண்ணால் பாருங்கள்.

கட்டுரையை மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டர்னிடின் மென்பொருள் காட்டும் சதவீதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒத்துப்போகும் வரிகளை அது எண்ணுகிறது, அவ்வளவுதான். முறையாகக் குறி போட்ட மேற்கோளும் அதில் சேரலாம்.

திரும்பி வந்த கட்டுரையைத் திருத்துவதற்கு முன் ஆசிரியரை அவர் ஒதுக்கியிருக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். மார்க்கைப் பற்றிப் பேசாமல், ஒரே ஒரு பத்தியைக் காட்டி, இதில் எந்தெந்த வரிக்குச் சான்று வேண்டும் என்று கேளுங்கள். உட்கார்ந்து சொல்லித் தருவார்கள்.