சீட்டில் 'நார்மல்', டாக்டர் முகத்தில் கவலை: குழந்தைகளின் சிறுநீரகப் பரிசோதனைகள், கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது, உயரம் 110 செ.மீ. ரத்தத்தில் கிரியேட்டினின் 0.8. சீட்டில் 0.6 முதல் 1.2 வரை நார்மல் என்று அச்சிட்டிருக்கிறார்கள். டாக்டர் ஏன் மறுபடி எடுக்கச் சொல்கிறார்?

பதில்: அச்சிட்டிருப்பது பெரியவர்களுக்கான அளவு, அம்மா. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, அதைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்குத் தசை எவ்வளவு இருக்கும்? பெரும்பாலும் 0.3 முதல் 0.5 வரைதான் காட்ட வேண்டும். 2009-இல் ஷ்வார்ட்ஸ் குழுவினர் தந்த சூத்திரப்படி, உயரத்தை 0.413-ஆல் பெருக்கி, கிரியேட்டினினால் வகுத்துப் பாருங்கள். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம் அதில் தெரியும். உங்கள் மகனுக்கு ஏறத்தாழ 57 வருகிறது. 90-க்கு மேல் இருந்தால் நிம்மதி. உயரம் குறிக்காத கிரியேட்டினின் சீட்டு, குழந்தைகள் விஷயத்தில் பாதிச் சீட்டுதான்.

கேள்வி: அப்படியானால் இது நாள்பட்ட சிறுநீரக நோய்தானா?

பதில்: ஒரு சீட்டை வைத்து அப்படிச் சொல்லக் கூடாது. வாந்தி, பேதியில் உடல் வறண்டிருந்தாலும் கிரியேட்டினின் ஏறும். குறைபாடு மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால்தான் 'நாள்பட்ட' என்ற சொல்லுக்கே இடம். இதற்கிடையில் ஸ்கேன், ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு இந்நோய் வரப் பெரிய காரணம் பிறவியிலேயே சிறுநீரகமோ சிறுநீர்ப் பாதையோ சரியாக அமையாததுதான். ஸ்கேனைத் தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: மகளுக்கு மாலையில் எடுத்த சிறுநீரில் புரதம் ஒரு பிளஸ். பயப்பட வேண்டுமா?

பதில்: முதலில் காலைச் சிறுநீரைக் கொடுங்கள். இரவு படுக்கும் முன் சிறுநீர் கழிக்கச் சொல்லிவிட்டு, எழுந்தவுடன் போவதைப் பிடியுங்கள். சில பிள்ளைகளுக்கு நின்று நடமாடும்போது மட்டும் புரதம் கசியும், படுத்திருந்தால் நின்றுவிடும். அது நோயன்று. சிறுநீரில் புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் இரண்டு வயதுக்கு மேல் 0.2-ஐத் தாண்டக் கூடாது.

கேள்வி: நான் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். கிரியேட்டினினை அளக்க, நிறமாற்றத்தைப் பார்க்கும் பழைய ஜாஃபே முறையா, நொதியை வைத்து அளக்கும் என்சைம் முறையா?

பதில்: குழந்தைகளுக்கு என்சைம்தான். ஜாஃபே முறையில் பிலிருபின், கீட்டோன் போன்றவை கணக்கைக் குழப்பும். பெரியவர்களுக்கு 0.1 பிசகினால் பெரிதில்லை. மேலே சொன்ன அதே உயரத்தில் 0.4 என்பது 0.5 ஆனால் வடிகட்டும் வேகம் 114 என்பது 91-ஆக இறங்கிவிடும். 0.413 என்ற எண்ணே என்சைம் முறை அளவுகளை வைத்து வந்ததுதான்.

கேள்வி: தசைச் சிதைவு நோயுள்ள மகனுக்குக் கிரியேட்டினின் 0.2. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. தசையே இல்லாதபோது கிரியேட்டினின் எங்கிருந்து வரும்? சிஸ்டாட்டின் சி என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். அதை உடலின் எல்லா உயிரணுக்களும் உண்டாக்குவதால் தசையின் அளவு குறுக்கே வராது. ஆனால் ஸ்டீராய்டு மருந்தும் தைராய்டு கோளாறும் அதை மாற்றும். இந்நோய்க்கு ஸ்டீராய்டு தருவது வழக்கம் என்பதால், மருந்து விவரத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: என்-கால் (NGAL), கிம்-1 (KIM-1) என்ற புரதங்களைப் பார்க்கும் பரிசோதனைகள் புதிதாக வந்திருக்கின்றனவாமே?

பதில்: அவை சிறுநீரகத் திடீர்க் காயத்தைக் காட்டுவதில் பேர் வாங்கியவை. நாள்பட்ட நோயைக் கண்டறிய இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கின்றன. அந்தப் பணத்தை சிஸ்டாட்டின் சி-க்குக் கொடுங்கள் என்பேன்.

கேள்வி: பிறந்த மறுநாளே பேத்திக்குக் கிரியேட்டினின் 0.9 என்கிறார்கள், ஐயா.

பதில்: அது பெரும்பாலும் தாயின் அளவு. வரும் நாட்களில் இறங்கிக்கொண்டே வர வேண்டும். இறங்காமல் நின்றாலோ ஏறினாலோதான் கவலை.