நாலாவது சுற்றில் ஏறும் முள்

கேள்வி: அண்ணா, என் டர்போ பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காருக்கு ரீமேப் செய்து (பவர் கூட என்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாற்றி), டர்போ காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலரும் போட்டிருக்கிறேன். அதே வண்டியில் ஊட்டி ஏறினால்கூட ஒன்றும் ஆவதில்லை, ஆனால் கோவை செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் நாலாவது சுற்றிலேயே டெம்பரேச்சர் முள் ஏறிவிடுகிறது. காற்று நன்றாகப் போகட்டும் என்று என்ஜினுக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் தட்டையும் கழற்றிவிட்டேன். மெக்கானிக், ரேடியேட்டருக்குக் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிடலாம், அதற்கும் கேட்காவிட்டால் பெரிய ரேடியேட்டர் என்கிறார். செய்யலாமா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: முதலில் அந்தத் தட்டைத் தேடி எடுத்து மறுபடி மாட்டுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். ரேடியேட்டருக்கு முன்னால் காற்று வந்து நின்றால் போதாது, அதன் வழியாகப் புகுந்து பின்னால் வெளியேறவும் வேண்டும். முன்பக்கம் அழுத்தம் கூடுதலாகவும் பின்பக்கம் குறைவாகவும் இருந்தால்தான் அது நடக்கும். தட்டு இல்லாதபோது வண்டிக்கு அடியில் ஓடும் காற்று மேலே ஏறி என்ஜின் அறையை அடைத்துக்கொள்கிறது, முன்னால் வரும் காற்றுக்குப் போக இடமில்லை. பானட்டின் பின்முனையில் வாஷர் கொடுத்துத் தூக்கி வைக்கிறார்களே, அதுவும் பெரும்பாலும் இதே கதைதான்: முன்கண்ணாடிக்குக் கீழே அழுத்தம் அதிகம் என்பதால், வேகத்தில் காற்று அந்த வழியாக உள்ளே வரத்தான் பார்க்கும்.

இன்னொரு சந்தேகம் உங்கள் இன்டர்கூலர் மேல். அதைப் போட்டபோது ரேடியேட்டரைச் சுற்றியிருந்த ஃபோம், பிளாஸ்டிக் மறைப்பு எதையாவது வெட்டினார்களா? கரை உடைந்த வாய்க்காலில் தண்ணீர் கடைமடைக்கா வந்து சேரும்? காற்றும் அப்படித்தான், ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளான ஃபின்களுக்குள் நுழைவதைவிடப் பக்கத்துச் சந்தில் போவது அதற்குச் சுலபம். ராத்திரி ஒரு டார்ச்சை கிரில் வழியாக அடித்து, பானட்டைத் திறந்து பின்னாலிருந்து பாருங்கள். ரேடியேட்டரின் ஓரங்களில் எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் ஃபோமும் அலுமினியத் தகடும் வைத்து அடையுங்கள். சில நூறு ரூபாய் வேலை. பெரிய ரேடியேட்டர் இதற்கெல்லாம் அப்புறம்தான், ஏனென்றால் காற்றே போகாத இடத்தில் எவ்வளவு பெரிதாக வைத்தாலும் சூடான இரும்புதான்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது நம் ஊர்ப் பழைய வைத்தியம். வேண்டாம். சூடானதும் அது எப்படியும் முழுக்கத் திறந்துவிடும், அதனால் எடுப்பதில் பெரிய லாபம் இல்லை. சில என்ஜின்களில் பைபாஸ் வழியை மூடுவதும் அதே வால்வுதான், அதை எடுத்துவிட்டால் கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஊட்டி ஏறும்போது ஏன் ஒன்றும் ஆகவில்லை என்றால், மலையில் நீங்கள் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிப்பது சில விநாடிகள்தான். கரி டிராக் மொத்தமே 2.1 கி.மீ., கிட்டத்தட்ட எந்நேரமும் உயர் ஆர்.பி.எம்.மில் இருப்பீர்கள், நீண்ட நேர்பாதையில் மூச்சு வாங்கவும் வழியில்லை. தவிர, டேஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். பல கார்களில் சுமார் 75 டிகிரியிலிருந்து 105 வரை அது நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள், அது நகரும்போது காரியம் கெட்டிருக்கும். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி கருவி ஒன்றை மாட்டி போனில் உண்மையான எண்ணைப் பாருங்கள். ஆயில் சூட்டுக்கும் ஒரு கேஜ் வையுங்கள், ரீமேப் செய்த டர்போவில் முதலில் வதங்குவது பெரும்பாலும் ஆயில்தான். 120 டிகிரி வரை கவலையில்லை, 130ஐத் தாண்டினால் அந்தச் சுற்றோடு வேகத்தைக் குறையுங்கள். ஆயில் கூலர் வாங்கினால் தெர்மோஸ்டாட் உள்ளதாக வாங்குங்கள், இல்லாவிட்டால் மார்கழிக் காலையில் ஆயில் சூடாகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

கூலன்ட்டில் போர் தண்ணீர் மட்டும் வேண்டாம். நம் பக்கத்து உப்புக்கு ரேடியேட்டர் குழாய்க்குள் உப்புப் படிவு கட்டிவிடும். டிஸ்டில்டு வாட்டர்தான் கலக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியையும் புதிதாக மாற்றுங்கள், அது அழுத்தத்தைப் பிடித்தால்தான் கூலன்ட்டின் கொதிநிலை மேலே நிற்கும்.

கேள்வி: என்ஜின் கூலாகத்தான் இருக்கிறது, ஆனால் பத்து நிமிஷத்தில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. பேட் மாற்றியும் அப்படியே.
(வாசகர், ஈரோடு)

பதில்: பேட் மேல் பழி போடாதீர்கள், கொதிப்பது பிரேக் ஃப்ளூயிடாக இருக்கும். டாட் 4 ரக ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது கொதிக்காமல் குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும், ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்தக் குறைந்தபட்சமே 155தான். டிராக்குக்குப் போகும் முன் முழுக்க வெளியேற்றிப் புதிதாக ஊற்றுங்கள். ஓட்டி முடித்ததும் ஒரு சுற்று பிரேக்கைத் தொடாமல் மெதுவாகச் சுற்றிவிட்டு வந்து நிறுத்துங்கள், ஹேண்ட்பிரேக் போடாமல், சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்து.