தேளிக்குப் பழி, டேங்க் கிளீனருக்கு விடுதலை

முப்பது வருடம் விலங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வீடு காட்பாடியில். ஏரி, குளம், ஆறு பற்றி வாசகர்கள் கேட்பதற்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதி வருகிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மீன் கதைதான்.

கேள்வி: வாத்தியார் ஐயா, காவேரிப்பாக்கம் ஏரியில் வலை போட்டபோது கருப்பாக, உடம்பெல்லாம் தகடு தகடாக ஒரு மீன் மாட்டியது. வாய் அடியில் வட்டமாக இருந்தது. வலையையும் கிழித்துவிட்டது. பார்க்கவே பயமாக இருந்ததால் ஏரியிலேயே திரும்ப விட்டுவிட்டோம். அது என்ன மீன்? (வாசகர், காவேரிப்பாக்கம்)

பதில்: விட்டுவிட்டீர்களே தம்பி! அது டேங்க் கிளீனர். வண்ண மீன் கடையில் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு விரல் நீளத்தில் தொங்குமே, அதே மீன்தான். பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று சொல்லி விற்பார்கள். சொந்த ஊர் தென் அமெரிக்கா. கடையில் விரல் நீளம் இருந்தது, வீட்டில் வளர வளர முழ நீளத்துக்குப் போய்விடும். தொட்டியில் இடம் இருக்காது, கொல்லவும் மனசு வராது. அப்புறம் என்ன, ஒரு நாள் இருட்டியதும் வாளியோடு ஏரிக்கரைக்குப் போய்விடுகிறார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் என் பழைய மாணவன் ஒருவன் சதுப்பேரியில் தூண்டிலில் மாட்டியதென்று ஒன்றைச் சிமென்ட் கோணியில் சுருட்டிக்கொண்டு வந்தான். காலை ஆறு மணிக்குப் பிடித்தது. என் வீட்டுக்கு வரும்போது மணி பதினொன்று. செத்திருக்கும் என்று நினைத்து வாசல் திண்ணையில் கொட்டினேன். அது முதுகுச் செட்டையை விசிறி மாதிரி விரித்துக்கொண்டு நகர ஆரம்பித்தது. ஐந்து மணி நேரம் ஈரக் கோணிக்குள் கிடந்த மீன்! காற்றை விழுங்கி இரைப்பையாலேயே மூச்சு விடக்கூடிய சாதி. புரட்டிப் பார்த்தால் வயிறெல்லாம் புழு நெளிந்த மாதிரி கோடுகள். செட்டையில் முள்ளையும் நரம்பையும் எண்ணினேன், பன்னிரண்டு சொச்சம். என் மனைவி ஆசைக்கு அரிவாள்மணையில் வைத்துப் பார்த்தாள். தகட்டில் பட்டு வழுக்கியது, கீறல்கூட விழவில்லை. "இது மீனா, வீட்டுக்கு ஓடு மாத்த வந்ததா?" என்று எழுந்து போய்விட்டாள்.

உடம்பில் கவசமும் அடியில் உறிஞ்சு வாயும் சேர்ந்து இருக்கிற மீன் நம் ஏரிகளில் பிறந்ததே கிடையாது. அதனால் இதை அடையாளம் காண்பதில் குழப்பமே வராது. தரையோடு மேய்ந்து பாசியை வழித்துத் தின்னும்போது மற்ற மீன்களின் முட்டையும் சேர்ந்து உள்ளே போய்விடும். முட்டையிடுவதற்குக் கரையில் கை நீளத்துக்கு வளை தோண்டும். நம் ஏரிகளுக்கு மண் கரைதான் என்பதை நினைத்துப் பாருங்கள். கோடையில் தண்ணீர் இறங்கியதும் கரையில் வரிசையாக ஓட்டைகள் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

ஒரு ஏரியில் விட்டது அந்த ஏரியோடு நிற்காது. பாலாறு அணைக்கட்டிலிருந்து வாய்க்கால் பிரிந்துதான் உங்கள் காவேரிப்பாக்கத்துக்கும் மகேந்திரவாடிக்கும் தண்ணீர் வருகிறது. ஓர் ஏரியின் கலங்கல் வழிந்தால் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும், மீனும் கூடவே போகும். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். அன்று எந்த ஏரி மீன் எந்த ஏரிக்குப் போனதென்று யாரால் சொல்ல முடியும்?

அடுத்த முறை மாட்டினால் திரும்ப விடாதீர்கள். கரையிலும் போடாதீர்கள், ஊர்ந்தே தண்ணீருக்குப் போய்விடும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் தள்ளுவண்டியில் "தேளி விரால்" என்று மலிவாக விற்கிறார்கள். அது தடை செய்த ஆப்பிரிக்க மீன் என்று பேசிக்கொள்கிறார்கள். போன வாரம் எங்கள் குளத்தில் பிடித்த மீசைக்கார மீன்களையும் அதே மீன் என்று அடித்துப் புதைத்துவிட்டார்கள். செய்தது சரிதானா? (வாசகி, குடியாத்தம்)

பதில்: இந்தக் கேள்வி என்னைக் கொஞ்சம் சுட்டுவிட்டது அம்மா. காரணத்தைச் சொல்கிறேன்.

தேளி ஒரு மீன், விரால் வேறொரு மீன், இரண்டும் நம் ஊர் மீன்கள். நல்ல பெயர்கள் இரண்டைத் திருடி ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு யாரோ வைத்துவிட்டார்கள். விற்கிறவருக்கு அது வசதி. ஆனால் தடை என்ற பேச்சு வந்ததும் பழி போய் விழுவது தேளியின் தலையில்.

பல வருடங்களுக்கு முன் எங்கள் ஏரியில் பாசி ஏலம் (மீன் பிடிக்கும் உரிமைக்கான ஏலம்) எடுத்த ஒருவர் அன்னக்கூடை நிறைய மீன் கொண்டுவந்து இது என்ன என்று கேட்டார். மீசையை எண்ணினேன், எட்டு. கருப்பு உடம்பு, வழவழப்பு. "ஆப்பிரிக்கன்தான், குழி தோண்டிப் புதையுங்கள்" என்று கரும்பலகையில் எழுதிய தீர்மானத்தோடு சொல்லிவிட்டேன். குழியும் தோண்டியாயிற்று. தெருவில் கூடையோடு வந்த மீன்காரம்மா நின்று எட்டிப் பார்த்தார். முந்தானையால் ஒன்றைத் தலையோடு அமுக்கிப் பிடித்துத் தூக்கினார். "இன்னா வாத்தியாரே, முதுகு மேல பாரு. நகம் அளவு செட்டைதான் இருக்கு. இது நம்ம தேளி" என்றார். குழிக்குள் பதினேழு கிடந்தன. எல்லாம் தேளி.

அன்றிலிருந்து நான் மீசையை எண்ணுவதை விட்டுவிட்டேன். இரண்டுக்கும் நாலு ஜோடி மீசைதான், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. முதுகைத்தான் பார்க்க வேண்டும். தேளிக்கு முதுகில் தலைப் பக்கமாகக் குட்டியாக ஒரே ஒரு செட்டை, அவ்வளவுதான். வயிற்றுப் பக்கச் செட்டைதான் வால் வரை நீளும். ஆப்பிரிக்கக் கெளுத்திக்கோ முதுகுச் செட்டையே தலைக்குப் பின்னால் தொடங்கி வாலுக்குப் பக்கம் வரை நாடா மாதிரி ஓடும். தேளி ஒரு சாணைக் கொஞ்சம் தாண்டும். ஆப்பிரிக்கன் ஒரு மீட்டரையே தாண்டும். சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக, வயிறு வெளுப்பாக இருக்கும். இன்னொன்று, தேளியின் பக்க முள்ளில் விஷம் உண்டு. குத்தினால் அன்று ராத்திரித் தூக்கம் போச்சு. பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தால் வலி கொஞ்சம் அடங்கும்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மாகூர் என்று வடக்கே சொல்லும் நம் நாட்டுக் கெளுத்திக்கும் முதுகுச் செட்டை நீளம்தான். அதனால் நீளச் செட்டையோடு சின்ன மீன் கிடைத்தால் அவசரப்படாமல் படம் எடுத்துக் கேளுங்கள். இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று நிறுத்துக் கொடுத்தால் சந்தேகமே வேண்டாம், ஆப்பிரிக்கன்தான்.

அதை வளர்ப்பதும் விற்பதும் தடை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 2019-ல் இதை வலியுறுத்தியது. இருந்தும் குட்டை வெட்டிக் கோழிக் கழிவைப் போட்டு மறைவாக வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தீனிச் செலவு இல்லை, வேகமாக வளரும், சேற்றிலும் சாகாது. பெரிய மழையில் குட்டை வழிந்தால் பக்கத்து ஏரியில் இருக்கும் கெண்டைக் குஞ்சு, தவளை எல்லாம் அதற்குச் சாப்பாடு.

கேள்வி: அப்படிப் பார்த்தால் ஜிலேபி மீனும் வெளிநாடுதானே சார்? அதையும் புகார் செய்ய வேண்டுமா? (வாசகர், ஆற்காடு)

பதில்: வெளிநாடுதான், 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. குஞ்சைத் தாய் வாயிலேயே வைத்துக் காப்பதால் எந்தக் குட்டையிலும் பெருகிவிட்டது. நாட்டு மீனுக்கு இடைஞ்சல் என்பதும் உண்மை. ஆனால் ஆற்காட்டில் ஜிலேபி மாட்டியது என்று புகார் கொடுத்தால் வாங்குகிறவர் சிரித்துவிடுவார். குழம்பு வையுங்கள். கட்லா, ரோகுகூட கங்கைப் பக்கத்து மீன்கள்தான் சார், நாம் ஏரிகளில் விட்டு வளர்க்கிறோம்.

கேள்வி: பையன் வளர்த்த டேங்க் கிளீனரைக் கோட்டை அகழியில் விட்டுவிடலாமா? பாவம், சாகடிக்க மனசு வரவில்லை. (வாசகி, வேலூர்)

பதில்: வேண்டாம் அம்மா. வாங்கிய கடையில் திருப்பிக் கொடுங்கள், காசு கேட்காதீர்கள். அவர்கள் வாங்கவில்லை என்றால் பெரிய தொட்டி வைத்திருக்கும் யாரிடமாவது கொடுங்கள். பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: இப்படி மீன் கிடைத்தால் யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது? (மூன்று வாசகர்கள்)

பதில்: மாவட்டத்தில் மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகம் இருக்கிறது, அங்கே எழுதிக் கொடுக்கலாம். 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததை மறக்காதீர்கள். காவேரிப்பாக்கம் இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். போக முடியாதவர்கள் முதல்வரின் உதவி மைய எண் 1100-க்குப் போன் போடலாம். விவசாயிகள் குறைதீர்வுக் கூட்டத்தில் மனுவாகவும் கொடுக்கலாம். ஏரியில் பாசி ஏலம் எடுத்தவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நஷ்டம் அவருக்குத்தான் என்பதால் அவரே முன்னால் நிற்பார்.

"ஏரியில் பேய் மீன்" என்று மட்டும் எழுதினால் காகிதம் கோப்பில் தூங்கும். எந்த ஏரி, எந்த மதகுப் பக்கம், என்ன தேதி, வலையா தூண்டிலா, எத்தனை மீன் என்று எழுதுங்கள். மீனைப் பக்கவாட்டில் படுக்க வைத்துச் செட்டையை விரித்து ஒரு படம், தலையை மேலிருந்து ஒன்று, வாயை அடியிலிருந்து ஒன்று. பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்தால் அளவு தெரியும். கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு எடுக்கும் படத்தில் உங்கள் முகம்தான் தெரியும், மீன் தெரியாது.

மீனை உயிரோடு கொண்டு போகாதீர்கள். ஐஸ் நிறையப் போட்ட தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, அசைவு நின்று வெகு நேரம் கழித்துக் கவரில் கட்டுங்கள். இடத்தையும் தேதியையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மீனோடு கவருக்குள் போடுங்கள். பென்சிலால் எழுதுங்கள். நான் ஒருமுறை பேனாவால் எழுதிப் போட்டு, போய்ப் பிரித்தபோது நீலத் தண்ணீர்தான் இருந்தது.