ஈரல் பயொப்சி: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

பயொப்சி என்றால் ஊசியால் ஈரலில் ஒரு சிறு துண்டை எடுத்துப் பார்ப்பது. நான் அந்த ஊசி போடும் டொக்டர் இல்லை. எடுத்த துண்டை நுணுக்குக்காட்டியில் பார்த்து ரிப்போர்ட் எழுதுபவள். சாப்பாடு, குளிசை அளவு பற்றிக் கேட்டவர்கள் உங்கள் கிளினிக் டொக்டரிடமே கேளுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு 58 வயது. காமாலை தணிந்தும் ஏஎல்டி (ஈரல் சேதத்தைக் காட்டும் இரத்த அளவு) 400க்குக் கீழே இறங்கவில்லை. ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ் இரண்டும் இல்லை. பயொப்சி கட்டாயமா?

ஆம் தங்கச்சி, எடுக்கத்தான் வேண்டும். உடலின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்கும் நோயாக இருக்கலாம் என்று டொக்டர் நினைக்கிறார் போலிருக்கிறது. அதை இரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து முடிவு செய்வது சரியில்லை. அதற்கான ஸ்டீரொயிட் மருந்தைப் பலர் வருடக்கணக்கில் எடுக்க வேண்டி வரும்.

ஸ்கேனில் இடம் பார்த்து, வலது விலா இடுக்கில் விறைக்கும் ஊசி போடுவார்கள். மூச்சை வெளியே விட்டு அப்படியே பிடிக்கச் சொல்வார்கள். பயொப்சி ஊசி ஈரலுக்குள் போய் வருவது ஓரிரு விநாடிதான். அப்புறம் சில மணி நேரம் படுக்க வைத்து நாடியும் பிரஷரும் பார்ப்பார்கள். வலது தோளில் நோவு வந்தால் பயப்பட வேண்டாம், அது வழமை. வயிறு கடுமையாக வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே தாதியைக் கூப்பிடுங்கள். இரத்தக் கசிவு பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும்.

எங்களிடம் வருவது ஃபோர்மலின் போத்தலில் சேமியாத் துண்டு போல ஒன்று. 2 சென்டிமீற்றர் இருந்தால் சந்தோஷம். கொழுப்பு நிறைந்த ஈரல் என்றால் வெளிறிப்போய் மிதக்கும். தழும்பு ஏறிய ஈரல் துண்டு துண்டாக உடைந்து வரும். அம்மாவின் துண்டில் நான் முதலில் பார்ப்பது இரத்தக் குழாய்க் கொத்துகளின் ஓரத்தை. அழற்சிச் செல்கள் அங்கிருந்து ஈரல் செல்களுக்குள் அரித்துக்கொண்டு போகின்றனவா, அவற்றில் பிளாஸ்மா செல்கள் (எதிர்ப்புச் சக்திக்கான புரதத்தைச் செய்பவை) அதிகமா என்று தேடுவேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள்: அம்மா சீந்தில் கஷாயம் குடித்தாரா? சிங்களத்தில் ரசகிந்த என்பார்கள். கொவிட் காலத்தில் அதைக் குடித்து, இதே நோய் போன்ற ஈரல் அழற்சியுடன் வந்தவர்களைப் பற்றி மும்பை டொக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். நுணுக்குக்காட்டியில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். நீங்கள் சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

கொட்டாஞ்சேனை ஐயா: வயிற்றில் நீர், பிளேட்லெட் 40,000. கழுத்து வழியாக எடுக்கலாம் என்கிறார்கள். கழுத்துக்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம்?

கழுத்து நாளத்தில் குழாயை விட்டு, இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து ஈரல் நாளத்துக்குள் போவார்கள். அங்கிருந்து எடுத்தால், கசியும் இரத்தம் வயிற்றுக்குள் போகாமல் நாளத்துக்குள்ளேயே போகும். இரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் உங்களுக்குக் குறைவு; உங்கள் நிலைக்கு இதுதான் பாதுகாப்பு. குடலிலிருந்து ஈரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் நாளத்து அழுத்தத்தையும் அதே தடவையில் அளக்கலாம்.

தெகிவளைத் தம்பி: ஃபைப்ரோஸ்கேன் வந்த பிறகும் ஏன் ஊசி?

ஃபைப்ரோஸ்கேன் ஈரலின் விறைப்பை அளக்கிறது. ஏன் விறைத்தது என்று அது சொல்லாது. சாப்பிட்ட கையோடு போனாலே அளவு கூடும். ஏஎல்டி மிக அதிகமாக இருக்கும்போதும் கூடும். இதயம் பலவீனமாகி ஈரலில் இரத்தம் தேங்கினாலும் கூடும்.

அதே தம்பி: பயொப்சி எடுப்பது ஈரலில் 50,000இல் ஒரு பங்குதானே? அதுவும் தவறலாமே!

தவறலாம், நீங்கள் சொல்வது நியாயம். தழும்பு ஈரலெங்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. அதனால்தான் துண்டு சின்னதாக இருந்தால் ரிப்போர்ட்டில் எழுதிவிடுகிறேன். ஆனால் செம்பு சேரும் வில்சன் நோயையும், மருந்தால் வந்த சேதத்தையும், எதிர்ப்புச் சக்தி செய்யும் சேதத்தையும் விறைப்பு எண் பிரித்துக் காட்டாது. தழும்பின் அளவு மட்டும் போதுமென்றால் ஃபைப்ரோஸ்கேன் போதும். நோயின் பெயர் தெரியவில்லையென்றால் துண்டு வேண்டும்.

மருதானை: தம்பி சொல்வது சரி. எனக்குக் கொழுப்பு ஈரல், ஃபைப்ரோஸ்கேன் 5.2. பயொப்சி தேவையா?

தேவையில்லை. 8க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. ராகமையில் 2007இல் 35 முதல் 64 வயது வரையானவர்களை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்தபோது ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குக் கொழுப்பு ஈரல் இருந்தது. அத்தனை பேருக்கும் ஊசி போட முடியுமா? போடவும் கூடாது. சிகிச்சையை மாற்றப்போகும் பதில் கிடைக்கும் என்றால் மட்டுமே பயொப்சி. தம்பியும் நானும் இதில் ஒரே பக்கம்தான்.

வத்தளை: ஊசி பட்டால் புற்றுநோய் பரவுமா?

கட்டியே இல்லாத ஈரலில் பரவ எதுவுமில்லை. ஈரல் புற்றுநோய்க் கட்டியில் குத்தினால், ஊசி போன பாதையில் பரவுவது நூற்றில் 2, 3 பேருக்கு நடக்கலாம். ஆனால் சிரோசிஸ் (ஈரல் முழுதும் தழும்பேறிய நிலை) உள்ளவருக்கு சீரி ஸ்கேனிலோ எம்ஆர்ஐயிலோ உரிய அடையாளம் தெளிவாகத் தெரிந்தால் பயொப்சி இல்லாமலே முடிவு சொல்வார்கள்.

பம்பலப்பிட்டி: குத்தினால் கென்சர் ஆகுமா?

ஆகாது. வத்தளைக்கு எழுதியதைப் படியுங்கள்.

கிருலப்பனை: அப்பாவுக்கும் பரவிவிடுமா?

இதே கேள்வி மூன்றாவது தடவை. தயவுசெய்து மேலே பாருங்கள். அவர் என்ன கஷாயம் குடிக்கிறார் என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

பொரளை: இதயத்தில் ஸ்டென்ட் உண்டு. அஸ்பிரினையும் குளோப்பிடோக்ரெலையும் நாளையிலிருந்து நிறுத்தட்டுமா?

இரண்டும் இரத்தம் உறையாமல் தடுப்பவை, அதனால் பயொப்சியில் கசிவு கூடலாம். ஆனாலும் நீங்களாக நிறுத்தவே வேண்டாம், ஐயா. ஸ்டென்ட் அடைத்தால் உயிருக்கு ஆபத்து. எதை நிறுத்துவது, எத்தனை நாள் என்று இதய டொக்டரும் ஈரல் டொக்டரும் பேசி எழுதித் தரட்டும். பயொப்சி சில வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லையா என்றும் அவர்களிடமே கேளுங்கள்.